மூஞ்சியில் வைத்த பொட்டு

காற்று ஒரு சனியன். மூச்சு விடுவதற்கு நல்லதாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. என் வேலைக்கு அது எதிரி. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கும் வேலை அது. ஜெல் எதற்கு? கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது என்பதற்கு. ஒரு முடி அளவு காற்று இருந்தாலே போதும், ஒலி முட்டித் திரும்பிவிடும். தொழிற்சாலைகளில் இதே ஒலியை வைத்துத்தான் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே ஜெல்லுக்குப் பதில் எண்ணெய் அல்லது தண்ணீர்.

எங்களிடம் வந்தவர்கள் எதுவுமே தடவக் கூடாது என்றார்கள். அன்னூர் போகும் வழியில் பேனல் செய்யும் கம்பெனி அது. ரயில் பெட்டிக்குள் வரும் கதவு, தடுப்பு எல்லாவற்றுக்கும் அவர்கள் பேனல் போகிறது. நடுவில் தேன்கூடு மாதிரி காகித அறைகள், இரண்டு பக்கமும் ஃபைபர் தகடு, பசை போட்டு பிரஸ்ஸில் அமுக்கி ஒட்டுவார்கள். எங்காவது பசை பிடிக்காமல் விட்டால் வெளியே தெரியாது. சில மாதம் ரயில் குலுங்கிய பிறகு தகடு உப்பிக்கொண்டு வரும். தண்ணீர் வைத்துச் சோதித்தால் காகிதம் ஊறிப் பேனலே வீணாகும். அதனால் தொடாமல், நனைக்காமல், காற்று வழியாகவே ஒலியை அனுப்பி ஒட்டாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிநாட்டில் அப்படிப்பட்ட கருவி உண்டு. கெட்டுப்போனால் கடல் தாண்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எங்கள் பட்டறை கணபதி பகுதியில், மோட்டார் பட்டறைகளுக்கு நடுவே. ஏழு பேர். பம்ப் மோட்டாரின் காயில் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் செய்து விற்பதுதான் பிழைப்பு. முதலாளி யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார். "செஞ்சு பாப்பமுங்க" என்று பேனல்காரரிடம் சொல்லிவிட்டு, அதை என் தலையில் கட்டினார். நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேச எனக்கு வராது. சரியில்லாததைச் சரியில்லை என்பேன். அதனால் என்னிடம் பேச வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் வருவார்கள்.

என் சங்கடம் இதுதான். ஒலியை உண்டாக்குவது ஒரு பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு இரண்டு லட்சம் தடவை அதிரும். பீங்கான் கல் மாதிரி கெட்டி. காற்று அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் அதிர்வில் பெரும்பகுதி பீங்கானுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், வெளியே காற்றில் இறங்குவது ஒரு துளி. அந்தத் துளியும் பேனலுக்குள் நுழையும்போது அடிபடும், பேனலை விட்டு வெளியேறும்போது அடிபடும், மறுபக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு வில்லைக்குள் நுழையும்போது மறுபடி அடிபடும். கடைசியில் வந்து சேருவதை இரைச்சலிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும்.

இதற்கு வழி, பீங்கானுக்கும் காற்றுக்கும் நடுவில் படி வைப்பது. பீங்கானைவிட இளகியதாக, காற்றைவிடக் கெட்டியாக அடுக்குகளை ஒட்டிக்கொண்டே போனால் ஒலி படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு அடுக்கின் கனமும், அதற்குள் ஓடும் அலையின் நீளத்தில் சரியாகக் கால் பங்கு இருக்க வேண்டும். கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. கார்க், பால்சா மரம், தெர்மாகோல் என்று கிடைத்ததையெல்லாம் தேய்த்து ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு அடுக்கு கைகொடுத்தது. முதலாவது, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்களைக் கலந்த பிசின். அதன் மேல், லேபில் தண்ணீர் வடிகட்டும் தாள் மூன்று. அந்தத் தாளில் பாதிக்கு மேல் வெறும் ஓட்டைதான். காற்றோடு அது ஒத்துப்போவதற்கு அந்த ஓட்டைகள்தான் காரணம்.

இப்படி அடுக்கு ஒட்டிய வில்லையைத்தான் புரோப் என்போம். அதில் இரண்டை எதிரெதிரே நிறுத்தி நடுவில் பேனலைச் செருகியபோது, திரையில் இரைச்சலுக்கு மேலே, தாண்டி வந்த ஒலி ஒரு முனையாகத் தனியாக எழுந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறையிலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார், ஷாக் அடித்துவிட்டதோ என்று.

சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மணி, தீபாவளிக்கு முந்தி பேனல் வாங்கறவங்க சைடுல இருந்து இன்ஸ்பெக்டர் வாராராமுங்க. அவரு ஒத்துக்கிட்டா நாம இத மேல செய்யலாமுங்க. இல்லீன்னா இந்த மேசைய எடுத்துப்போட்டு இங்க டெஸ்டர் வேலைக்கு எடம் பண்ணோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

ஒருத்தியின் இரண்டு வருட உழைப்பைப் பிடுங்குவேன் என்பதை இத்தனை மரியாதையாக இந்த ஊரில்தான் சொல்வார்கள். நான் "சரி" என்றேன். அதற்கு மேல் பேசினால் திட்டிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

ஆவணிக் கடைசியில் புரோப் இரண்டையும் பேனல் கம்பெனியில் கொண்டுபோய் மாட்டினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. உருளைகளின் மேல் பேனல் இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து போகும். ஒட்டிய இடத்தில் ஒலி தாண்டி வரும், திரையில் பச்சை. ஒட்டாத இடத்தில் ஒலி நின்றுவிடும், சிவப்பு. இயக்குவதற்குப் பசை செக்‌ஷனில் பத்து வருடமாக இருந்த ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். என்னைவிட நாலைந்து வயது சிறியவள். ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். புரோபின் முன்பக்கத்தைக் காட்டி அவளிடம் சொன்னேன்.

"இதுதான் இதோட மூஞ்சி. வேற எங்க வேணா தொடு. மூஞ்சில மட்டும் கை படக் கூடாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க அக்கா. மூஞ்சில கை படாதுங்க."

நன்றாகத்தான் ஓடியது. ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து நாலாம் நாள் போன் போட்டுக் கேட்டேன். "நல்லா ஓடுதுங்க அக்கா" என்றாள். பத்தாம் நாள் நேரில் போனேன். பசைக்கு நடுவே உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளைச் செருகி, வேண்டுமென்றே ஒட்டாமல் விட்ட சோதனைப் பேனல் ஒன்று அங்கே வைத்திருந்தேன். அதை உருட்டிவிட்டேன். முதலிலிருந்து கடைசி வரை பச்சை. பிளாஸ்டிக் இருந்த இடமும் பச்சை.

குனிந்து பார்த்தால், ஒலியைப் பெருக்கும் நாப் முழுக்கத் திருகியிருந்தது. அந்த அளவுக்குத் திருகினால் வெறும் இரைச்சலே பச்சையாகத்தான் தெரியும்.

"யாரு இத ஏத்துனது?"

அங்கே நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் உருளையைப் பார்த்தார்கள்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"பூசைக்கு அப்பறம் எல்லாப் பேனலும் செவப்பாவே காட்டுச்சுங்க அக்கா," என்றாள் அந்தப் பெண். "பேனலு நல்லாத்தானுங்க இருந்துச்சு. சூப்பர்வைசர் அண்ணன் கொஞ்சம் ஏத்திப் பாக்கச் சொன்னாருங்க."

"போன்ல கேட்டப்ப நல்லா ஓடுதுன்னியே?"

"ஓடுச்சுங்களே. நின்னு போகலீங்க."

மேல் புரோபைக் கழற்றித் திருப்பினேன். வெள்ளைத் தாளின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். அதற்கு நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. சந்தனம், குங்குமம். கீழ்ப் புரோபிலும் அதே. ஓட்டைகள் எல்லாம் சந்தனத்தைக் குடித்துக் காய்ந்து, தாள் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. ஒலி எங்கே வெளியே வரும்?

"யாரு பொட்டு வெச்சது?"

"நானுங்க."

"மூஞ்சில கை படக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"கை படலீங்க அக்கா. தீக்குச்சில தொட்டுத்தானுங்க வெச்சேன்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"எதுக்கு வெச்ச?"

"ஷெட்டுல இருக்கற அத்தன மெஷினுக்கும் வெச்சுப்போட்டு, புதுசா வந்ததுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லா இருக்குமுங்களா? நீங்கதானுங்க இது மூஞ்சின்னு சொன்னீங்க. பொட்ட மூஞ்சில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?"

கேள்வி நியாயமானது. எதிராளி பக்கம் நியாயம் இருந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். அன்று அவளை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதும்படி இல்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு, ஆனால் துடைக்காமல் நின்றாள்.

"செவப்பாக் காட்டுன அன்னைக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"திட்டுவீங்கன்னுதானுங்க பண்ணல," என்றாள். "இப்ப திட்டலீங்களா?"

பத்து நாள் பேனல் முழுவதும் சோதனையே இல்லாமல் பச்சை வாங்கியிருந்தது. ஒன்றும் குடோனை விட்டுப் போகவில்லை என்பதுதான் நல்ல சேதி. இன்ஸ்பெக்டர் வர ஒன்பது நாள் இருந்தது.

புரோப் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். நான் முறைத்தேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. பொட்டு வெச்சதுக்கே செத்துப்போற சாமான நாம எந்த ஷெட்டுல ஓட்டறதுங்க? நாளைக்கு மழக்காத்து அடிச்சாலும் செத்துப்போகுமுங்களே."

மேசையில் உட்கார்ந்து மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. என் மேசையில் அந்தப் புரோப் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்தது. அந்த ஷெட்டில் ஃபைபர் தூள் மாவு மாதிரி பறக்கிறது. சந்தனம் ஒரே நாளில் செய்ததை அந்தத் தூள் மூன்று மாதத்தில் செய்திருக்கும். மூஞ்சியைத் திறந்துபோட்டு வைத்தது என் தப்பு. சிக்னல் குறைந்துவிடுமே என்று பயந்து, மூடுவதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

மூட வேண்டுமென்றால் எடையே இல்லாத ஒரு படலம் வேண்டும். அது எங்கள் தெருவிலேயே இருந்தது. பம்ப் மோட்டாருக்கான கப்பாசிட்டருக்குள் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம். ஊதினால் பறக்கும். கப்பாசிட்டர் சுற்றுகிறவரிடம் போய் நாலு மீட்டர் கேட்டேன். "நாலு மீட்டருங்களா? அதுல என்னுங்க பண்ணுவீங்க, ஈக்குச் சட்டை தெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, சுருளின் கடைசித் துண்டைக் கையில் கொடுத்தார்.

புதிய தாள்களை ஒட்டி, மேலே மெல்லிய பிரஷால் பசை தடவி, ஃபிலிமை விரித்தேன். மறுநாள் சோதித்தால் சிக்னல் கால்வாசிகூட இல்லை. பசை ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. சந்தனத்துக்குப் பதில் பசை, அவ்வளவுதான் வித்தியாசம். பசையைக் குறைத்துப் பார்த்தேன், ஃபிலிம் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள், புரோபைப் பிடிக்கும் கிளாம்ப் அளவு எடுக்கப் பேனல் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண் மூலையில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. கெட்டுப்போன புரோபை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "மேல ஃபிலிம் ஒட்டப் பாத்தேன். பசை உள்ள எறங்கிருச்சு," என்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பசைய எதுலீங்க தடவுனீங்க? தாள்லயா, ஃபிலிம்லயா?"

"தாள்ல."

"அதானுங்க. நாங்க தேன்கூட்டு மேல பசைய ஊத்தவே மாட்டமுங்க. ஊத்துனா அத்தனையும் ஓட்டைக்குள்ள போயிருமுங்க. தகட்டுலதான் ரோலர்ல உருட்டுவோம். அப்பறம் தகட்டத் தூக்கித் தேன்கூட்டு மேல வெப்போம். தேன்கூட்டோட விளிம்பு எவ்வளவு கேக்குதோ அவ்வளவு மட்டும் எடுத்துக்குமுங்க."

நான் புரோபை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தேன்.

"தப்பாச் சொல்லிப்போட்டேனுங்களா?"

"இல்ல. ரோலர் எங்க இருக்கு? காட்டு."

தேன்கூடும் ஓட்டை, என் தாளும் ஓட்டை. இரண்டு வருடம் அந்தப் பேனலுக்குள் ஒலியை அனுப்பியிருக்கிறேன், அதை எப்படி ஒட்டுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. பட்டறைக்குத் திரும்பி, கண்ணாடித் தகட்டில் பசையை ரப்பர் ரோலரால் இழுத்து இழுத்து மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்படி செய்தேன். அதன் மேல் ஃபிலிமைத் தொட்டு எடுத்துத் தாளின் மேல் விரித்தேன். சுருக்கம் விழுந்தது. மறுபடி செய்தேன். ஐந்தாவது தடவை கண்ணாடி மாதிரி படிந்தது.

சிக்னல் வந்தது. ஆனால் அதிர்வெண் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. எடையே இல்லை என்று நான் நினைத்த ஃபிலிமுக்கும் ஒரு எடை உண்டு. மேல் அடுக்கு கால் பங்கைத் தாண்டிக் கொஞ்சம் கனமாகிவிட்ட மாதிரி அது நடந்துகொண்டது. மூன்றாவது தாளை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய தாள் ஒன்றை வைத்தேன். முனை பழைய இடத்துக்கு வந்து நின்றது. பழைய புரோபில் பத்து என்றால் இதில் ஒன்பது. அந்த ஒன்றை நான் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தேன்.

மைதா மாவைத் தூவினேன், ஊதினேன். ஈர விரலை வைத்துத் துடைத்தேன். எண்ணெய்க் கையால் அமுக்கினேன். முனை அசையவில்லை. இன்ஸ்பெக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் கொண்டுபோய் மாட்டிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"பொட்டு வை."

"வேண்டாமுங்க அக்கா."

"வைன்னா வை. மூஞ்சிலயே வை."

"உங்களுக்கு எம்மேல இன்னும் கோவமுங்களா?"

"ஆமா. சீக்கிரம் வை."

சாமி படத்துக்கு முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து வந்தாள். இந்த முறையும் தீக்குச்சிதான். வைத்தாள், காய விட்டோம், பஞ்சை நனைத்துத் துடைத்தோம். சோதனைப் பேனலை அவளே உருட்டினாள். பிளாஸ்டிக் தாள் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு சிவப்பு, சுற்றிலும் பச்சை. அவள் "அட!" என்றாள். குடோனில் கிடந்த பத்து நாள் பேனலையும் அடுத்த இரண்டு நாளில் உருட்டி முடித்தோம். ஏழு பேனலில் சிவப்பு தெரிந்தது. தனியாக எடுத்து வைத்தோம்.

இன்ஸ்பெக்டர் சென்னைக்காரர். அதிகம் பேசவில்லை. தானே சொல்லிச் செய்வித்த ஒரு பேனலைக் காரில் கொண்டு வந்திருந்தார். அதில் எங்கெல்லாம் ஒட்டாமல் விட்டிருக்கிறது என்ற வரைபடம் அவர் சட்டைப் பையில். அந்தப் பெண் பேனலை ஏற்றினாள். என் முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார்.

திரையில் ஐந்து சிவப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் வரைபடத்தை விரித்து ஒப்பிட்டார்.

"நாலு கரெக்ட். அஞ்சாவது இடத்துல ஒண்ணும் இல்லையே மேடம். நான் நாலுதான் விடச் சொன்னேன். இல்லாத கோளாறைக் காட்டினா நல்ல பேனலெல்லாம் குப்பைக்குத்தானே போகும்?"

முதலாளி கூரையிலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார். புரோபை எனக்குத் தெரியும். ஐந்து தடவை உருட்டினாலும் அதே இடம்தான் வரும், உருட்டியும் காட்டினேன். அதே இடம்தான் வந்தது.

"வெட்டிப் பாருங்க," என்றேன்.

"இது என் சாம்பிள் மேடம்."

"அதனாலதான் சொல்றேன். எங்களுதா இருந்தா நாங்க செஞ்சு வெச்சதுன்னு சொல்லுவீங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். ரம்பம் வைத்து அந்த இடத்தைச் சதுரமாக அறுத்தார்கள். அந்தப் பெண் கத்தி முனையால் மேல் தகட்டை நெம்பினாள். சுற்றிலும் பிய்க்க முடியாமல் பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகடு சும்மா கழன்று வந்தது.

"பசையே படலீங்க," என்றாள் அவள், விரலை உள்ளே வைத்துத் தடவி. "காகிதம் அப்படியே வெள்ளையா இருக்குது பாருங்க. ரோலர்ல தூசி ஒட்டியிருந்தா இப்புடித்தானுங்க உட்டுப்போகும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். போனில் படம் எடுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, தன் வரைபடத்தில் ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டார். எங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "இந்தப் புரோபை யார் செய்தது?" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். நான் அந்தப் பெண்ணையும் காட்டினேன்.

தீபாவளி விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது என் மேசை அங்கேயே இருந்தது. முதலாளி ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்து வைத்தார்.

"இன்னும் மெல்லிசான தகட்டுக்கும் கேக்கறாங்க அம்மணி. பீங்கான் வில்லை எத்தன வேணுமுன்னு எழுதிக் குடுங்க."

மெல்லிய தகட்டுக்கு இரண்டு மடங்கு வேகமாக அதிரும் வில்லை வேண்டும். வேகம் கூடினால் கால் பங்கு பாதியாகும். மேல் அடுக்கு ஒற்றைத் தாளாகிவிடும், ஃபிலிமின் எடை இன்னும் அதிகமாகக் கணக்கில் வரும். நிறையக் கெட்டுப்போகும். நாற்பது என்று எழுதினேன்.

"இருபது போதாதுங்களா?"

"போதாது," என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.